நிலவியல் படித்தவர் காப்புரிமை வேலைக்குப் போகலாமா?

சிறுமலை

வணக்கம். சேலம் பக்கத்து ஆள். எம்.எஸ்சி. பயன்பாட்டு நிலவியல் முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. புவியியல் அல்ல, நிலவியல். என் அத்தைக்கு இந்த வேறுபாட்டை விளக்கி விளக்கி ஓய்ந்துவிட்டேன். அவர் இன்றும் கல்யாண வீடுகளில் "மேப் வரைகிற படிப்பு படித்திருக்கிறான்" என்றுதான் என்னை அறிமுகப்படுத்துகிறார்.

யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஜியோ-சயின்டிஸ்ட் தேர்வை இரண்டு முறை எழுதினேன். இரண்டாவது முறை முதல்நிலை தாண்டியும் முதன்மைத் தேர்வில் நின்றுவிட்டது. இப்போது ஆழ்துளைக் கிணற்றுக்கு இடம் பார்த்துச் சொல்லும் ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன். மின்தடை அளக்கும் கருவி, நான்கு இரும்புக் கம்பிகள், இரண்டு சுருள் ஒயர் ஆகியவற்றைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் அலைகிறேன். நான் போவதற்குள் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்து, சுண்ணாம்பில் புள்ளி வைத்துவிட்டுப் போயிருப்பார். தோட்டக்காரர் என் கருவியும் அதே புள்ளியைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்.

சென்ற வாரம் சென்னைக் காப்புரிமை நிறுவனம் ஒன்றின் விளம்பரம் பார்த்தேன். "அறிவியல் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம்" என்று போட்டிருந்தது. நிலவியலும் அந்தக் கணக்கில் சேருமா? சட்டப் பட்டம் வேண்டுமா? உள்ளே போனால் நான் படித்ததற்கு வேலை இருக்குமா, அல்லது மறுபடியும் எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டுமா?

ஏரிக்கரை

வக்கீல் படிப்பு இல்லாமல் காப்புரிமையில் ஒன்றும் செய்ய முடியாது நண்பரே. முதலில் எல்.எல்.பி. சேருங்கள்.

கிண்டிவாசி

ஏரிக்கரை ஐயா சொல்வது தவறு. தம்பியை மூன்று ஆண்டுகள் வீணாக அலையவிடாதீர்கள்.

காப்புரிமைச் சட்டம், 1970இன் 126ஆவது பிரிவைப் பாருங்கள். இந்தியக் குடியுரிமை, 21 வயது நிறைவு, அறிவியல் அல்லது பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் ஒரு பட்டம், காப்புரிமை முகவர் தேர்வில் தேர்ச்சி. இவ்வளவுதான் கேட்கிறது. எந்த அறிவியல் என்று கேட்கவில்லை. நானே நிலவியல்தான். பதினொரு ஆண்டுகளாக இந்தத் தொழிலில் சோறு சாப்பிடுகிறேன்.

தேர்வில் இரண்டு எழுத்துத் தாள்கள், அப்புறம் நேர்முகம். முதல் தாள் சட்டமும் விதிகளும். இரண்டாவது தாள் விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை முழுதாக விளக்கும் ஆவணம்) வரைவது, படித்துப் பொருள் சொல்வது. தாளுக்கு 50 விழுக்காடு, மொத்தத்தில் 60 விழுக்காடு எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் நடக்கும் என்று மட்டும் நம்பி உட்காராதீர்கள். 2018க்குப் பிறகு 2023 மே மாதத்தில்தான் அடுத்த தேர்வு வந்தது. ஆகவே முதலில் வேலையில் சேர்ந்துவிடுங்கள், தேர்வு வரும்போது எழுதிக்கொள்ளலாம். முகவர் எண் இல்லாமலேயே தேடல் அறிக்கை, வரைவு என்று வேலை நிறையக் கிடக்கிறது.

அரசுப் பக்கம் கதை வேறு. 2023இல் காப்புரிமை அலுவலகத்துக்கு, விண்ணப்பங்களை ஆராயும் பரிசோதகர்கள் 553 பேரை எடுக்க அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பை நான் ஆசையோடு திறந்தேன். மின்னணுவியலுக்கு 108 இடம், இயந்திரவியலுக்கு 99, வேதியியலுக்கு 56, இயற்பியலுக்கு 30. துணிநூலுக்குக்கூட எட்டு, உலோகவியலுக்கு நான்கு. நிலவியலின் பெயரே இல்லை. தனியார் பக்கம் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, அரசுப் பக்கம் நமக்கு நாற்காலி போடவில்லை.

திருகாணி

கிண்டிவாசி அண்ணன் ஆசை காட்டுகிறார். நான் இயந்திரவியல் படித்தவன், ஆறு ஆண்டுகளாக இதே தொழில். என் மேசைக்கு வந்த கோப்புகளில் நிலவியல் கோப்பு என்று ஒன்றுகூடக் கிடையாது. மருந்து, மின்னணுவியல், வாகனம், மென்பொருள், இவற்றில்தான் பணம் ஓடுகிறது. நிறுவனங்கள் கேட்பதும் அந்தப் பட்டங்களைத்தான். கல்லைப் படித்தவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து என்ன செய்யப் போகிறார்கள்? சட்டம் தகுதி கொடுத்தால் போதுமா, சம்பளம் கொடுக்கிறவர் தர வேண்டாமா?

சிறுமலை

திருகாணி அண்ணா, இதைத்தான் நானும் பயந்தேன்.

கிண்டிவாசி

திருகாணி சொல்வதில் பாதி உண்மை. மறைக்க மாட்டேன். என்னை வேலைக்கு எடுத்தபோது பொறுப்பாளர் கேட்ட முதல் கேள்வி, "வேதியியல் எவ்வளவு படித்திருக்கிறீர்கள்?" என்பதுதான். முதல் ஆண்டு முழுக்கச் சிமென்ட் கலவை, தண்ணீர் வடிகட்டி என்றுதான் ஓடியது.

ஆனால் "நிலவியல் கோப்பு" என்று மேலட்டையில் எழுதி எதுவும் வராது, திருகாணி. காப்புரிமைகளின் பன்னாட்டு வகைப்பாட்டில் பாருங்கள். நிலநடுக்க அலை, காந்தம், மின்தடை வைத்துப் பூமிக்குள் பார்ப்பதெல்லாம் ஜி01வி. துளையிடுதல், எண்ணெய்க் கிணறு எல்லாம் இ21பி. தாதுவை நுரையில் மிதக்கவிட்டுப் பிரிப்பது பி03டி. உலோகம் பிரித்தெடுப்பது சி22பி. அடித்தளம், மண்சரிவுத் தடுப்பு இ02டி. இவை எல்லாம் உங்கள் அலுவலகத்தில் "இயந்திரவியல்" அலமாரியிலோ "வேதியியல்" அலமாரியிலோதான் கிடக்கும். உங்கள் மேசைக்கே துளையிடும் பிட் ஒன்றாவது வந்திருக்கும், நீங்கள் பற்சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள்.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 2017 என்று நினைவு. தென்கோடிக் கடற்கரை மணலிலிருந்து கனிமங்களைப் பிரிக்கும் முறை ஒன்று எங்களிடம் வந்தது. இல்மனைட், கார்னெட், சிர்க்கான் என்று காந்தத்தாலும் மின்புலத்தாலும் வரிசையாகப் பிரிப்பார்கள். வரைவு எழுதியவர் வேதியியலில் முனைவர், கெட்டிக்காரர். கடைசி உரிமைக்கோரலில் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாக்கியம்), மிஞ்சும் "அருமண் பாஸ்பேட்டை" அமிலத்தில் கரைத்துப் பதப்படுத்தும் படியையும் சேர்த்திருந்தார். எதேச்சையாக அந்தத் தாள் என் கைக்கு வந்தது. மணவாளக்குறிச்சி மணலில் அருமண் பாஸ்பேட் என்றால் அது மோனசைட். மோனசைட் என்றால் தோரியம், அதாவது அணுசக்திப் பொருள். அன்றைக்கு இருந்த 1962ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் 20ஆவது பிரிவும், காப்புரிமைச் சட்டத்தின் 4ஆவது பிரிவும் சேர்ந்து அந்த வாசலை இழுத்துப் பூட்டியிருந்தன. அப்படிப்பட்ட பொருளைத் தேடுவது, தோண்டுவது, பிரிப்பது, வேதிமுறையில் பதப்படுத்துவது எதற்கும் காப்புரிமை கிடையாது. அந்தக் கோரலை எடுத்துவிட்டு, மற்றவற்றை மட்டும் தாக்கல் செய்தோம்.

வேதியியல்காரர் அந்தப் பொருளின் வாய்பாட்டைப் பார்த்தார். அந்த மணல் எந்தக் கரையில் ஒதுங்குகிறது, கூட என்ன கிடக்கும் என்பது களப்பயணத்தில் காலில் மணல் ஒட்டியவனுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து எனக்கென்று ஓர் அலமாரி ஒதுக்கினார்கள்.

திருகாணி

பிட் வந்தது உண்மைதான். மூன்று உருளைக் கூம்பு பிட். ஒப்புக்கொள்கிறேன்.

தாமிரபரணி

நான் சட்டக் கல்லூரி இரண்டாம் ஆண்டு, இளங்கலையில் நிலவியல். அண்ணா, அப்படியானால் நான் படிக்கிற எல்.எல்.பி. வீணா?

கிண்டிவாசி

வீணில்லை அம்மா. முகவருக்குக் காப்புரிமை அலுவலகத்தின் கட்டுப்பாட்டாளர் முன்னால் மட்டும்தான் உரிமை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. 2021இல் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்தைக் கலைத்த பிறகு வேறு வழியில்லை. அங்கே நின்று வாதாட வழக்கறிஞர்தான் வேண்டும். இரண்டும் உள்ளவர் கிடைத்தால் நிறுவனங்கள் விடமாட்டார்கள். என்னைப் போன்றவர்கள் நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞரின் பின்வரிசையில் உட்கார்ந்து, "ஐயா, அது படிவுப் பாறை, தீப்பாறை இல்லை" என்று துண்டுச் சீட்டு நீட்டுவோம்.

சிறுமலைக்கு இப்போது அது தேவையில்லை. தாமிரபரணி, உங்களுக்கு ஏற்கெனவே பாதி முடிந்துவிட்டது, முடித்துவிடுங்கள்.

கடல்தாண்டி

ஹூஸ்டனிலிருந்து எழுதுகிறேன். இங்கே நிலைமை கொஞ்சம் விசித்திரம். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத் தேர்வுக்கு உட்காருவதற்கே பட்டத்தைப் பார்ப்பார்கள். நான் விண்ணப்பித்த காலத்தில், நேரடியாக ஏற்கும் பட்டங்களின் பட்டியலில் நிலவியல் பொறியியல் இருந்தது, சுரங்கப் பொறியியல் இருந்தது, பெட்ரோலியப் பொறியியல் இருந்தது. வெறும் நிலவியல் இல்லை. என்னைப் போன்றவர்கள் இயற்பியல், வேதியியல் பாடங்களை மணிக்கணக்காகக் கூட்டிக் காட்ட வேண்டும். முப்பத்திரண்டு வயதில், பக்கத்துச் சமுதாயக் கல்லூரியில் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஊசல் ஆடும் நேரத்தை அளந்தேன். வேலை விசாவில் இருப்பவர்களுக்கு முழுப் பதிவும் கிடையாது, வரம்புக்குட்பட்ட அங்கீகாரம்தான்.

ஆனால் உள்ளே வந்துவிட்டால் இந்த ஊரில் நம் படிப்புக்கு மதிப்பு தனி. வெஸ்டர்ன்ஜெக்கோவுக்கும் அயான் ஜியோஃபிசிக்கலுக்கும் நடந்த வழக்கைப் படியுங்கள். கடலடிப் பாறையைப் படம்பிடிக்க, கப்பலுக்குப் பின்னால் கிலோமீட்டர் கணக்கில் நீளும் கேபிள்களில் உணர்விகளைக் கோத்து இழுத்துப் போவார்கள். நீரோட்டம் அவற்றைப் பின்னிப் போட்டுவிடும். அவற்றைப் பக்கவாட்டில் திருப்பி ஒழுங்காக வைப்பதுதான் காப்புரிமை. எதிராளி பாகங்களை அமெரிக்காவில் செய்து, வெளிநாட்டுக்கு அனுப்பி அங்கே பூட்டவைத்தார். பத்து ஆய்வு ஒப்பந்தங்கள் கைநழுவிப் போயின என்று வெஸ்டர்ன்ஜெக்கோ சொன்னது. நடுவர் குழு இழந்த லாபத்துக்கு மட்டும் 9.34 கோடி டாலர் போட்டது. வெளிநாட்டில் இழந்த லாபத்தையும் கேட்கலாம் என்று 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று தீர்ப்பளித்தது. வழக்கு அதோடு முடியவில்லை, அது வேறு கதை. கேபிள் ஏன் பின்னிக்கொள்ளும், பின்னினால் படத்தில் என்ன கெடும் என்று தெரியாதவர் அந்தக் கோப்பைத் தொட்டிருக்க முடியுமா?

எனக்குப் பிடித்தது அதைவிடப் பழையது. 1946இல் ஹாலிபர்ட்டன் நிறுவனத்துக்கும் கண்டுபிடிப்பாளர் வாக்கருக்கும் நடந்த வழக்கு. எண்ணெய்க் கிணற்றுக்குள் திரவம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அறிய, மேலே ஒரு வெடிச் சத்தம் எழுப்பி எதிரொலியைப் பதிவார்கள். கிணற்றுக்குள் இருக்கும் வாயு ஊருக்கு ஊர் வேறு, சூடு வேறு, அழுத்தம் வேறு. ஒலியின் வேகம் தெரியாமல் நேரத்தை வைத்து ஆழம் எப்படிச் சொல்வது? வாக்கர் ஒரு காரியம் செய்தார். உள்ளே இறங்கும் குழாய்கள் ஏறத்தாழ ஒரே நீளத் துண்டுகளாகப் பூட்டப்பட்டவை. ஒவ்வொரு இணைப்பும் ஒரு சின்ன எதிரொலி தரும். அந்தச் சின்ன எதிரொலிகள் மட்டும் தூக்கலாகக் கேட்கும்படி ஓர் ஒத்ததிர்வுக் குழாயைச் சேர்த்தார். இனி வேகம் எதற்கு? இணைப்புகளை எண்ணினால் ஆழம் வந்துவிடுகிறது.

எவ்வளவு அழகு! இருந்தும் வாக்கர் தோற்றார். "எதிரொலிக்கு ஏற்பச் சுருதி கூட்டும் சாதனம்" என்று, அது செய்யும் வேலையைச் சொல்லி எழுதியிருந்தார்களே தவிர, அது என்ன பொருள் என்று உரிமைக்கோரலில் எழுதவில்லை. ஹாலிபர்ட்டன் குழாய்க்குப் பதிலாக மின்வடிகட்டி வைத்திருந்தது. உச்ச நீதிமன்றம் கோரலையே செல்லாததாக்கியது. அதற்காகவே 1952இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி எழுதி, அப்படி எழுதலாம், ஆனால் விவரக்குறிப்பில் காட்டிய அமைப்புக்கும் அதற்குச் சமமானவற்றுக்கும் மட்டும்தான் அது பொருந்தும் என்றது.

கிண்டிவாசி

நன்றி, கடல்தாண்டி. எழுதுவது பற்றிப் பேச்சு வந்துவிட்டதால், நிலவியல்காரர்களுக்கே உரிய ஒரு நோயைச் சொல்லிவிடுகிறேன். நமக்குத் திட்டவட்டமாகப் பேச வராது. பூமி அப்படிப் பழக்கிவிட்டது. "பொதுவாக", "ஏறக்குறைய", "எனக் கருத இடமுண்டு". என் முதல் வரைவில் பொறுப்பாளர் சிவப்பு மையில் 23 "ஏறக்குறைய"வைச் சுழித்திருந்தார். எண்ணியே எழுதியிருந்தார்.

உரிமைக்கோரல் (அலுவலகத்தில் யாரும் இப்படிச் சொல்வதில்லை, கிளெய்ம்தான்) என்பது வயல் வரப்பு மாதிரி. எங்கே முடிகிறது என்று பக்கத்து வயல்காரருக்குத் தெரிய வேண்டும். நுரைமிதப்பு முறைக்கு 1916இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. தாதுத்தூளோடு எண்ணெய் கலப்பது பழைய சங்கதி. அந்த எண்ணெயைத் தாது எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே குறைத்து, நன்றாகக் கலக்கி நுரை எழுப்பியதுதான் புதுமை. நீதிமன்றம் அந்த அளவுக்குள் மட்டும் காப்புரிமையை நிற்கவிட்டது. அந்த இடத்தில் "சிறிதளவு எண்ணெய்" என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இன்னொன்று. ஒரு கிளெய்ம் எவ்வளவு நீண்டாலும் ஒரே வாக்கியம்தான். ஆங்கிலத்தில் இது பலருக்கு மூச்சுமுட்டும். பழைய உரைகளைப் படித்து வளர்ந்த நமக்கு, பெயரெச்சத்தின் மேல் பெயரெச்சம் அடுக்கிக் கடைசியில் பெயரைக் கொண்டுபோய் வைப்பது கைவந்த கலைதானே!

நல்ல பக்கமும் உண்டு. நான்கு துளைகளின் மாதிரியை வைத்து இரண்டு கிலோமீட்டர் பாறையை வரைகிறவர்கள் நாம். முந்தைய கலையை, அதாவது இதே விஷயம் முன்பே எங்காவது வெளியாகியிருக்கிறதா என்று, தேடுவதும் அதே வேலைதான். கிணறு வழியாக மழைநீரை நிலத்தடிக்கு அனுப்பும் வடிகட்டி ஒன்று வந்தது. கூழாங்கல், கரி, மணல் அடுக்கு. தரவுத்தளங்களில் ஒன்றும் அகப்படவில்லை. எனக்குச் சந்தேகம். மாணவனாக இருந்தபோது பார்த்த ஒரு மாவட்ட நிலத்தடி நீர்க் கையேட்டைத் தேடிப் பிடித்தேன். அதே அடுக்கு, அதே வரிசை, படத்தோடு. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டார். ஆனால் தாக்கல் செய்து, பரிசோதகர் கண்டுபிடித்து, அப்புறம் அழுவதைவிட இது மேல். மரபறிவாக இருந்தால் காப்புரிமைச் சட்டம் 3ஆவது பிரிவின் (பி, அதாவது p) உட்பிரிவும் குறுக்கே நிற்கும். இயற்கையில் கிடக்கும் புதுக் கனிமத்தைக் கண்டுபிடித்தேன் என்று வந்தால் (சி) உட்பிரிவு வழிமறிக்கும். நிலநடுக்க அலைத் தரவைக் கணினியில் அலசும் முறை என்றால் (கே) உட்பிரிவு. அதில் தொழில்நுட்ப விளைவைக் காட்டினால் மேலே போகலாம் என்று 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஃபெரித் அல்லானி வழக்கில் சொன்ன பிறகு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கிறது.

சிறுமலை, உங்கள் வேலையிலிருந்தே ஏதாவது ஒன்றை எடுத்து ஒரு கிளெய்ம் எழுதிப் பாருங்கள். நேர்முகத்தில் அதைத்தான் கேட்பார்கள்.

சிறுமலை

கடல்தாண்டி அண்ணன் சொன்ன வாக்கர் கதையிலேயே இரண்டு நாள் இருந்தேன். எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் பார்ப்பது பெரும்பாடு. மோட்டாரும் குழாயும் ஒயரும் உள்ளே இருக்கும்போது நாடாவை இறக்கினால் சிக்கிக்கொள்ளும். எதிரொலி வைத்துப் பார்க்கலாம். ஆனால் வாக்கரின் உபாயம் இங்கே அப்படியே செல்லாது. சேலத்தில் கெட்டிப் பாறை. சிதைந்த மேல்மண் முடியும் வரைதான் உறைக்குழாய், கீழே வெறும் பாறை. இரும்புக் குழாயில் மோட்டார் தொங்கினால் இருபது அடிக்கு ஓர் இணைப்பு இருக்கும், எண்ணலாம். இப்போது எல்லோரும் கறுப்பு நிற எச்.டி.பி.இ. சுருள் குழாய்க்கு மாறிவிட்டார்கள். அதில் இணைப்பே கிடையாது.

அதனால் இப்படி எழுதினேன்: "ஆழ்துளைக் கிணற்றில் இணைப்பில்லாத குழாயின் வெளிப்புறத்தில், ஒன்றுக்கொன்று மூன்று மீட்டர் இடைவெளியில் பொருத்தப்பட்ட, ஒலியை எதிரொலிக்கும் வளையங்களையும், கிணற்றின் வாயில் பொருத்தப்பட்ட ஒலியெழுப்பியையும், அவ்வளையங்களிலிருந்தும் நீர்ப்பரப்பிலிருந்தும் வரும் எதிரொலிகளைப் பதியும் ஒலிவாங்கியையும், நீர்ப்பரப்பின் எதிரொலிக்கு முன் வந்த வளைய எதிரொலிகளை எண்ணி நீர்மட்டத்தின் ஆழத்தைக் கணிக்கும் கருவியையும் கொண்ட நீர்மட்ட அளவை அமைப்பு."

"ஏறக்குறைய" ஓரிடத்திலும் இல்லை. சரியா அண்ணா?

திருகாணி

தம்பி, மூன்று மீட்டர் என்று ஏன் கட்டிப்போட்டீர்கள்? நான் நான்கு மீட்டரில் மாட்டிவிட்டுத் தப்பித்துவிடுவேனே. "முன்னரே அறியப்பட்ட இடைவெளியில்" என்று போட்டுவிட்டு, மூன்று மீட்டரைச் சார்புக் கோரலில் (முதல் கோரலைச் சார்ந்து நிற்கும் அடுத்த கோரல்) வையுங்கள். மற்றபடி முதல் முயற்சிக்கு அபாரம். கல் படித்தவர்களைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

கடல்தாண்டி

நானும் அதையேதான் எழுத வந்தேன். அந்த வளையங்கள் நல்ல யோசனை.

கிண்டிவாசி

நல்ல யோசனைதான். முந்தைய கலையில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்திருக்கலாம். ஆனால் தம்பி, இதைப் பொது இழையில், படிக்கிற யாருக்கும் புரியும்படி, முழுசாக எழுதிவிட்டீர்களே. விண்ணப்பம் போடுவதற்கு முன் இப்படி வெளியானால் புதுமை போய்விட்டது. கண்காட்சி, அறிஞர் சங்கக் கட்டுரை போன்ற சிலவற்றுக்குத்தான் 12 மாதச் சலுகை. இணைய அரட்டைக்குக் கிடையாது. இந்த நிமிடத்திலிருந்து உங்கள் வளையம் உங்களுக்கே முந்தைய கலை. எழுதச் சொல்லும்போதே எச்சரித்திருக்க வேண்டும், தவறு என்னுடையது.

சிறுமலை

ஐயோ. பதிவை அழித்துவிடட்டுமா?

திருகாணி

நான் படித்துவிட்டேன், தம்பி.

கிண்டிவாசி

அழிக்க வேண்டாம். திங்கட்கிழமை நேர்முகத்துக்குப் போகும்போது இந்தப் பக்கத்தையே அச்செடுத்துக்கொண்டு போங்கள். என்ன தவறு செய்தீர்கள் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள்.